மலைத்தோட்டங்களும் மக்கள் சுகாதாரமும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகைவண்டி, பண்டாரவளையைக் கடந்து மெல்லக் கீழிறங்கும் வழியில் எல்ல என்னும் சிற்றூரில் நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில், ஊவா மலைத்தொடர் பிளந்து தென்புறச் சமவெளிக்கு வழிவிடும் கணவாயின் தலைவாயிலில் அமைந்த ஊர் இது. கடைத்தெருவும் தபாற்கந்தோரும் நிலையமும் சேர்ந்த சிறு பட்டினம் நடுவிலும், அதனைச் சூழ்ந்து சிங்களக் கிராமங்களும், அவற்றுக்கு மேலே மடிப்பு மடிப்பாகத் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. இருப்புப் பாதை 1894ஆம் ஆண்டில் பண்டாரவளை வரையிலும், 1924ஆம் ஆண்டில் பதுளை வரையிலும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக அமைக்கப்பட்ட அப்பாதையே, பிற்காலத்தில் நோயாளரைப் பதுளைப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் பாதையுமாயிற்று.

சூழ்நிலை இவ்வாறு இருக்க, ஒரு வினா எழுகின்றது. நல்ல காற்றும் குளிர்ந்த நீரும் உடைய இம்மலைகளில், வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வந்தும், தோட்டத்து மக்களிடையே சோகையும் வயிற்றுநோயும் குழந்தை மரணமும் நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் நீண்ட காலம் நிலைத்து நின்றமைக்குக் காரணம் யாது? இதற்கு விடை காண வேண்டின், மருந்து எவ்வாறு வந்தது என்பதோடு, அது யார் பொருட்டு வந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியோர் அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களுள் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே மாய்த்தன. அங்கிருந்தும் பல நாள் நடந்தே ஊவா மலைகளை அடைய வேண்டியிருந்தது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் அதனை ஒட்டிய புகைவண்டிப் பாதையும் அமைந்த பின்னர், அக்காட்டுவழி நடையின் துன்பம் ஒழிந்தது. மண்டபம் முகாமில் ஆட்களைச் சில நாள் தடுத்து வைத்து, வாந்திபேதி, அம்மை முதலிய நோய்கள் இல்லையென உறுதி செய்த பின்னரே கப்பலேற்றினர். இதனால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்முகாமின் முதல் நோக்கம், தொற்றுநோய் தீவுக்குள் நுழைந்து தோட்டத் தொழிலைக் கெடுக்காது தடுப்பதேயாகும்.

தோட்டங்களின் உள்ளே வைத்திய உதவி சட்டத்தின் வழியாக வந்தது. மரண விகிதம் மிகுதியாக இருந்தமை பற்றி எழுந்த முறையீடுகளின் பின்னர், 1872ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் பிறந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு, 1912ஆம் ஆண்டில் விரிவான புதிய சட்டமாயிற்று. தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து அரசினர் வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் அமைப்பது, அதற்கான செலவின் ஒரு பங்கை ஏற்றுமதியாகும் விளைபொருளின் மீது விதிக்கும் வரியினால் ஈடுசெய்வது, லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதும் நோயுற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்புவதும் தோட்டத் துரையின் கடமை என்று வகுப்பது ஆகியன இச்சட்டங்களின் சாரமாகும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும் என்ற விதியும் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. கிராமத்து ஏழைப் பெண்ணுக்கு அக்காலத்தில் இத்தகைய சட்டப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை.

எழுத்தில் நன்றாயிருந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு இயங்கியது? பெருந்தோட்டங்களில் ஒரு மருந்தகமும் அதனை நடத்தும் தோட்ட வைத்தியரும் இருந்தனர். பட்டம் பெற்ற டாக்டரல்லர். மருந்து கலக்கப் பயின்றவர். ஆயினும் லயத்து மக்களுக்கு அவரே 'டாக்டர் ஐயா' ஆவார். காய்ச்சலுக்குக் கலவை, வயிற்றுக்குப் பேதிமருந்து, புண்ணுக்குக் களிம்பு என அவர் கொடுத்தவை பல உயிர்களைக் காத்தன. ஆனால் அவர் சம்பளம் பெற்றது தோட்டத்திடமிருந்து. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்காத தொழிலாளி உண்மையில் நோயாளியா, அன்றிச் சோம்பலால் நின்றவரா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. நோயாளிக்குத் துணைவராக இருக்க வேண்டியவர், வேலைக்கு ஆள் சேர்ப்பவருக்கும் கண்ணாக இருக்க நேர்ந்தது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாட் பேர் போகும் என்று அஞ்சிய தொழிலாளி, தாங்கும் வரையில் நோயை மறைத்தார். தாங்க முடியாத நிலையில், கம்பளியில் தூளி கட்டிச் சுமந்து செல்ல வேண்டிய நோயாளியாக வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்து வைத்தியம் பல காலம் வேலை செய்யும் கைகளைக் காப்பதற்கே அமைந்தது. அக்கைகளுக்குரிய மனிதரின் நலம் அதன் பின்னரே எண்ணப்பட்டது.

இவ்வேறுபாட்டின் விளைவை நன்கு விளக்குவது கொழுக்கிப்புழு நோயின் வரலாறாகும். இந்நோயின் இயல்பை முதலிற் சிறிது அறிதல் நலம்.

கொழுக்கிப்புழு மனிதரின் சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர். பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் மிதமான வெப்பமும் உள்ள மண்ணில் விழுந்தால், ஓரிரு நாளில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் தொற்றும் பருவத்தை அடைகின்றன. பின்னர் வெறுங்காலோடு அம்மண்ணை மிதிப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்த ஓட்டத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றன. காலில் முதலில் தோன்றும் அரிப்பைச் சேற்றுப்புண் என்று மக்கள் பொருட்படுத்தாது விடுவர்.

இலங்கையில் பெரிதும் காணப்பட்ட வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் ஒரு மில்லிலீற்றரில் நூற்றில் 3 பங்கு அளவேயாகும். இது சிறிதாகத் தோன்றலாம். ஆயின் நூறு புழுக்கள் குடலில் இருந்தால், நாளொன்றுக்கு 3 மில்லிலீற்றர், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 90 மில்லிலீற்றர் இரத்தம் வீணாகின்றது. கீரையும் பருப்பும் மீனும் குறைந்த உணவை உண்டு, நாள் முழுவதும் கூடை சுமந்து மலையேறும் பெண்ணின் உடல் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. முகம் வெளிறும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். அவள் கருவுற்றால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து இரட்டிப்பாகும். சோம்பல் என்று கங்காணி ஏசிய பல வேளைகளில், உண்மையில் அங்கே இருந்தது சோகையே.

இங்கே நேயர்கள் முக்கியமாக மனத்திற் கொள்ளத்தக்க உண்மை ஒன்று உண்டு. இப்புழு மனித உடலுக்குள் பெருகுவதில்லை. நூறு புழுக்கள் ஒருவரின் வயிற்றில் இருந்தால், அந்நூறும் மண்ணிலிருந்து தனித்தனியே வந்து புகுந்தவையாகும். ஆகவே மருந்து வயிற்றிலுள்ள புழுவைப் போக்கும், மண்ணிலுள்ளதைப் போக்காது. மண் மாசுபடாது காக்கும் மலசலகூடமே இந்நோய்க்கு நிலையான வைத்தியம்.

தேயிலைச் செடியின் நிழலும் மழையில் நனைந்த மண்ணும் இப்புழுவுக்கு ஏற்ற இடங்கள். கடுங்குளிர் மிக்க மலையுச்சித் தோட்டங்களைக் காட்டிலும், எல்ல, தெமோதரை, பதுளை முதலிய நடுத்தர உயரமுள்ள இடங்களின் வெப்பநிலை அதற்கு அதிகம் உகந்தது. லயங்களிலோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி போன்ற சிறு காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. மலசலகூடம் இல்லாத இடத்தில் தேயிலை மலையும் கானோரமும் அதன் இடத்தைப் பெற்றன. அதே மலையில் மறுநாட் காலை வெறுங்காலோடு கொழுந்து பறிக்க வேண்டும். அதே சரிவில் ஓடிவரும் நீரே கீழே பீலியில் விழுந்து குடிநீராயிற்று. ஒருவர் செய்த பிழை என்று இதனைச் சொல்லுதல் பொருந்தாது. வேறு வழி வைக்கப்படாமையே பிழை.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு, இலங்கை அரசாங்கத்தின் இசைவோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. தகரச் சிமிழ்களில் மலமாதிரி பெற்று நுண்பெருக்கியால் சோதித்தபோது, பல தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்நோய் இருத்தல் வெளிப்பட்டது. கீனோப்போடிய எண்ணெயும் பேதியுப்பும் மருந்தாக வழங்கப்பட்டன. அவ்வெண்ணெய் அளவு மீறினால் நஞ்சாவது. எனவே கவனமான மேற்பார்வை தேவைப்பட்டது. மருந்துண்ட நாளில் வேலைக்குப் போக முடியாது என்பதால், தொழிலாளியும் தயங்கினார், துரையும் தயங்கினார்.

மருந்துண்டோர் தெளிவுற்றனர் என்பது உண்மை. ஆயின் சில மாதங்கள் கழிந்து மீண்டும் சோதித்தபோது, அவர்களுட் பலரின் வயிற்றில் மறுபடியும் புழுக்கள் இருந்தன. மண் மாறவில்லை அல்லவா? மலசலகூடங்கள் கட்டுவதற்குப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகள் பலர் விரும்பவில்லை. மருந்து கொடுத்தல் விரைவானது, மலிவானது, கணக்கிற் காட்டத்தக்கது. மலசலகூடம் கட்டுதலோ லயமொன்றுக்கும் குடும்பமொன்றுக்கும் கணக்கிட்டுச் செலவு செய்ய வேண்டிய நீண்ட வேலை. கட்டப்பட்ட இடங்களிலும், தொலைவிலும் இருளிலும் நீரின்றியும் அமைந்த கூடங்களை மக்கள் பயன்படுத்தாது விட்டனர்.

இத்தோல்வியிலிருந்து சுகாதாரத் துறையினர் பாடம் கற்றனர். ஒரு நோயை மட்டும் துரத்துவதற்கு மாறாக, ஒரு பகுதியின் முழு வாழ்வையும் இடைவிடாது கவனிக்கும் நிலையான அமைப்பு வேண்டும் என்று உணர்ந்து, 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவை நிறுவினர். சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர், அவரின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவமாதுகள் என வகுக்கப்பட்ட இப்படை, வைத்தியசாலையில் நோயாளியை எதிர்பார்த்துக் காத்திராது, வீடு வீடாகச் சென்றது. கிணற்றைச் சோதித்தது, குழிமலசலகூடம் வெட்டச் செய்தது, கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்தது, பாடசாலைப் பிள்ளையின் கண்ணையும் பல்லையும் பார்த்தது. காலப்போக்கில் இம்முறை தீவெங்கும் பரவியது. இன்று எல்லப் பகுதியிலும் அம்முறையே நடைபெறுகின்றது.

ஆனால் நாட்டின் பெரும் பகுதியில் இப்படை தடையின்றி நுழைந்தபோது, தோட்டத்தின் எல்லையில் அது நெடுங்காலம் தயங்கி நின்றது. தோட்டத்துச் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று சட்டம் சொல்லிற்று. கிராமத்து மருத்துவமாது வேலியருகே நடந்து போவாள். வேலிக்கு அப்பாலுள்ள தாய் அவள் கணக்கில் இல்லை. ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்து வாழ்ந்த இரு மக்கட் கூட்டத்தினருக்கு இருவேறு சுகாதார முறைகள் இருந்தன.

வேலியைப் பாராத இயக்கம் என்ன செய்ய வல்லது என்பதற்கு மலேரியா சான்றாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். எல்லவிலிருந்து கீழிறங்கும் வெல்லவாய வழியிலுள்ள வறண்ட தாழ்நிலமும் மலேரியாவுக்குப் பெயர்பெற்றதே. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கும் குழுக்கள் மலேரியா மிகுந்த பகுதிகளில் வீடு தவறாது நுழைந்து சுவர்களில் மருந்தடித்தன. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. விழிப்புத் தளர்ந்ததும், 1960களின் இறுதியில் அது மீண்டும் பெருகிற்று. பின்னர்ப் பல்லாண்டு விடாமுயற்சியின் பயனாக, 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. எல்லாரையும் எட்டுதல், இடைவிடாது தொடர்தல் ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றி ஒரு நோய் நீங்காது என்பதை இது காட்டுகின்றது.

சுதந்திரத்தின் பின்னர் நாட்டின் சுகாதாரம் வியக்கத்தக்க வேகத்தில் முன்னேறியது. 1946ஆம் ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1950ஆம் ஆண்டில் அத்தொகை 82 ஆகக் குறைந்தது. 1951ஆம் ஆண்டில் அரசினர் வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். வாக்குரிமையும் அதனோடு போயிற்று. வாக்கில்லாதவரின் லயத்துக்கு மலசலகூடம் வேண்டுமென்று சட்டசபையில் வற்புறுத்துவோர் அரியராயினர். 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சம் வந்தபோது இதன் விலை தெரிந்தது. 1974ஆம் ஆண்டில் நாட்டின் சிசு மரணம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 50 ஆக இருக்க, தோட்டங்களில் அது நூறையும் கடந்தது. ஒரே தீவில் பிறந்த இரு குழந்தைகளின் ஆயுளை, எந்தக் கூரையின் கீழ்ப் பிறந்தன என்பதே முடிவு செய்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, வீடமைப்பையும் சமூகநலத்தையும் கவனிக்கத் தனி நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. 1990களில் தோட்ட வைத்தியசாலைகளைப் படிப்படியாக அரசு பொறுப்பேற்கும் வேலையும் தொடங்கிற்று. அப்பத்தாண்டிலேயே தோட்டப் பிள்ளைகளுக்குப் புழுமருந்து வழங்கும் திட்டமும் நடைபெற்றது. கீனோப்போடிய எண்ணெய்க்குப் பட்டினி கிடந்த காலம் போய், ஒற்றை மாத்திரையால் வேலை முடியும் காலம் வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை அளித்தது. பழைய பிள்ளை மடுவங்கள் பல, தொட்டிலும் பாலும் மட்டுமன்றி விளையாட்டும் பாட்டும் உள்ள சிறுவர் நிலையங்களாயின. இன்று மலையகத் தாய்மார் ஏறக்குறைய அனைவரும் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகின்றனர். கடினமான நோயாளர் பதுளை வைத்தியசாலையையோ தியத்தலாவை வைத்தியசாலையையோ மோட்டார் வண்டியில் அடைய முடிகின்றது.

இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும் கணக்கு முற்றுப்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராகவும், தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேராகவும் காணப்பட்டனர். உயரம் குறைந்த பிள்ளை என்பது பல ஆண்டுப் பசியும் மாசுற்ற நீரும் தாயின் சோகையும் சேர்ந்து எழுதிய கணக்கேயாகும். இவற்றுள் எதனையும் வைத்தியசாலைக் கட்டிலில் படுக்க வைத்துக் குணப்படுத்த முடியாது.

மொழியும் ஒரு மருந்து என்பதை இங்கே குறிப்பிடுதல் தகும். நோவு எங்கே, எப்பொழுது தொடங்கிற்று, எத்தனை நாளாயிற்று என்று நோயாளி சொல்லும் சொல்லே வைத்தியரின் முதற் கருவி. தமிழ் மட்டும் அறிந்த தாயும் சிங்களம் மட்டும் அறிந்த மருத்துவமாதும் சைகையால் பேசிக்கொள்ளும் இடத்தில், நல்லெண்ணம் நிறைந்திருப்பினும் அறிவுரை பாதியே சென்று சேரும். மருந்தை மூன்று வேளையா, மூன்று நாளா உண்பது என்ற ஐயமே ஓர் உயிருக்கு ஆபத்தாகலாம். தோட்டப் பாடசாலைகளில் பயின்ற பெண்கள் மருத்துவமாதுகளாகவும் தாதியராகவும் தம் ஊர்களுக்கே திரும்பும் அளவுக்கு இக்குறை நீங்கும். அவ்வகையில் பாடசாலையும் ஒரு சுகாதார நிலையமே.

தொகுத்து நோக்குமிடத்து, எல்ல மலைகளின் நூற்றாண்டு அனுபவம் கற்பிக்கும் பாடம் எளிமையானது. வைத்தியசாலை நோயின் கடைசி வாசல். முதல் வாசல் வீட்டுக்கு அருகில் இருக்கின்றது. நீர் தூயதாக விழும் பீலி, வாசற்படிக்கு அண்மையில் கதவும் நீரும் உள்ள மலசலகூடம், காலுக்குச் செருப்பு, கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் ஓய்வும், பெயர் சொல்லி அழைத்துத் தன் மொழியில் விசாரிக்கும் மருத்துவமாது ஆகியவை அவ்வாசலைக் காப்பவை. இவற்றைத் தொழிலாளியின் மீது காட்டும் தயவாக எண்ணிய காலத்தில் அவை அரைகுறையாகவே கிடைத்தன. நாட்டின் குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உரிய பங்காக அவற்றை எண்ணத் தொடங்கிய பின்னரே லயத்துக் குழந்தையின் ஆயுள் நீளத் தொடங்கியது. எஞ்சியிருக்கும் வேலையும் அவ்வெண்ணத்தினாலேயே நிறைவேறுதல் வேண்டும்.